அடக்கக் கூடாததும் அடக்க வேண்டியதும்

"தலைவலிக்கு மாத்திரை வேணாம் டாக்டர். சூரணம் ஏதாவது குடுங்க" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார் அந்தப் பெண்மணி. வயது 35 இருக்கும். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. பத்து வருஷ சர்வீஸ். கணவர் டேனரியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். ஆறாவது படிக்கும் ஒரே பையன்.

நாடி பிடித்துப் பார்த்தேன். பித்தம் தூக்கலாக இருந்தது. நாக்கு வறண்டிருந்தது. கண்ணில் லேசான சிவப்பு.

"காலையில என்ன சாப்பிடறீங்கம்மா?"

"நாலரைக்கு எழுந்துக்கறேன் டாக்டர். சமைச்சு, டிபன் கட்டி, தண்ணி புடிச்சு வச்சு, ஏழு மணிக்கு கம்பெனி பஸ்ஸைப் புடிக்கணும். நாஷ்டா துன்ன ஏது நேரம்?"

"தண்ணீராவது குடிக்கிறீங்களா?"

சிரித்தார். "தண்ணி குடிச்சா பாத்ரூம் போவணும். மெஷினை விட்டு எழுந்தா பீஸ் குவிஞ்சிடும். டார்கெட் இருக்குது இல்ல?"

தலைவலிக்குக் காரணம் தெரிந்துவிட்டது. சீட்டு எழுத ஆரம்பித்தேன். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே மெல்லச் சொன்னார்.

"இன்னொண்ணு டாக்டர். கோவம் வருது. ராத்திரி புள்ளையைப் படிக்க உக்கார வச்சா அடிச்சிடறேன். போன வாரம் கரண்டியால அடிச்சிட்டேன். நேத்து தலையைக் கோதலாமேன்னு கையைத் தூக்கினேன். அவன் மூஞ்சியை மூடிக்கிட்டான்."

தலைவலி என்பது வாசற்கதவு. உள்ளே வந்த விஷயம் இதுதான்.

இந்தப் பெண்மணியின் கதையை அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய இந்தத் தோல் பிரதேசத்தில் இதே கதையோடு வாரத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் வருகிறார்கள். ஆண்களும் வருகிறார்கள். ஆனால் அவர்கள் 'கோபம்' என்று சொல்வதில்லை, 'பி.பி.' என்று சொல்வார்கள்!

பதினான்கு வேகங்கள்

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது நாங்கள் மனப்பாடமாக ஒப்பித்த பட்டியல் ஒன்று உண்டு. உடலில் தானாக எழும் பதினான்கு வேகங்கள். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு. இவற்றை அடக்கினால் என்னென்ன நோய் வரும் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

பரீட்சைக்குப் படித்தபோது இதில் பெரிய சுவாரஸ்யம் தெரியவில்லை. கொட்டாவியை யார் அடக்கப் போகிறார்கள் என்று விடுதியில் கேலி கூடச் செய்திருக்கிறோம். கிளினிக்கில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. அந்தப் பெண்மணியையே பாருங்கள். காலை நாலரை மணியிலிருந்து பசியை அடக்குகிறார், தாகத்தை அடக்குகிறார், சிறுநீரை அடக்குகிறார். சூப்பர்வைசர் நாலு பேர் முன்னால் ஏதோ சொல்லிவிட்டார் என்றால் கண்ணீரை அடக்குகிறார். ராத்திரி தூக்கத்தை அடக்கிக்கொண்டு பாத்திரம் தேய்க்கிறார். பதினான்கில் ஐந்து, ஒரே நாளில்!

சரி, மனசின் வேகங்கள்? ஆயுர்வேதத்தின் பழைய நூலான சரக சம்ஹிதை இதற்கு ஓர் அழகான மறுபக்கம் சொல்கிறது. உடம்பின் வேகங்களை அடக்கக் கூடாது என்று சொன்ன கையோடு, அடக்க வேண்டிய வேகங்களையும் வரிசைப்படுத்துகிறது. பேராசை, துக்கம், பயம், கோபம், கர்வம் என்று அந்த வரிசை போகிறது.

நாம் என்ன செய்கிறோம்? அப்படியே தலைகீழாகச் செய்கிறோம். அடக்கக் கூடாததை எல்லாம் பகல் முழுக்க அடக்கிவிட்டு, அடக்க வேண்டியதை ராத்திரி எட்டு மணிக்கு வீட்டில், நம்மைத் திருப்பி அடிக்க முடியாதவர்கள் மேல் அவிழ்த்து விடுகிறோம். சூப்பர்வைசரிடம் வராத கோபம் பிள்ளையிடம் வருகிறது. கணவன் ஆபீசில் முழுங்கியது மனைவி தலையில் விழுகிறது. கூடுவாஞ்சேரி நெசவுக் குடும்பத்தில் 1911-ல் பிறந்த வேதாத்திரி மகரிஷி தன் தற்சோதனைப் பாடங்களில் சினம் தவிர்த்தலுக்குத் தனிப் பாடமே வைத்தார். குடும்பஸ்தர்களுக்குப் பாடம் சொன்னவர் அல்லவா, வியாதி எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'அடக்குவது' என்றால் 'விழுங்குவது' அல்ல. குதிரையை அடக்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிவாளம் நம் கையில் இருக்க வேண்டும். குதிரையைக் கொன்றுவிடச் சொல்லவில்லை.

பதினைந்து நாள் நோட்டு

அந்தப் பெண்மணிக்கு நான் முதலில் கொடுத்தது மருந்து அல்ல. பையனின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்துக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். கோபம் வந்த ஒவ்வொரு முறையும் நாலு விஷயம் எழுத வேண்டும். மணி என்ன? யார் மேல்? கடைசியாக எப்போது சாப்பிட்டோம்? கோபம் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்பு மனசில் என்ன இருந்தது?

"எழுதறதால கோவம் போயிடுமா டாக்டர்?" என்று சந்தேகமாகப் பார்த்தார். "போகாது. எங்கேயிருந்து வருதுன்னு தெரியும்" என்றேன்.

பதினைந்து நாள் கழித்து வந்தார். மொத்தம் பதினோரு தடவை. அதில் ஒன்பது, மாலை ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவே. அந்த ஒன்பதிலும் கடைசியாகச் சாப்பிட்டது பகல் பன்னிரண்டரை மணிக்கு!

என்ன, ஆச்சரியமாக இருக்கிறதா? எனக்கு இல்லை. ஆறு ஏழு மணி நேரம் வயிறு காலி. ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது அதை ஈடுகட்ட உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. சண்டைக்குத் தயாராகும்போது சுரக்கும் அதே சுரப்புதான். கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அந்த நேரம் பார்த்துப் பையன் கணக்கைத் தப்பாகப் போடுகிறான். படபடப்புக்கு ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்த மனசுக்கு ஆள் கிடைத்துவிட்டது. எங்கள் மொழியில் சொன்னால், பசித்த பித்தம்.

நாலாவது கட்டத்தில் எழுதியிருந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. ஓரிடத்தில் 'அவமானம்' என்று எழுதியிருந்தார். அன்று கம்பெனியில் பீஸ் ரிஜெக்ட் ஆகியிருக்கிறது. மற்ற பல இடங்களில் ஒரே வார்த்தை, 'பயம்'. என்ன பயம் என்று கேட்டேன். "இவனும் படிக்காம என்னை மாதிரி லைன்ல வந்து நிப்பானோன்னு." சொல்லும்போதே கண் கலங்கியது. கலங்கட்டும் என்று சும்மா இருந்தேன். கண்ணீரும் அந்தப் பதினான்கில் ஒன்றுதானே.

பெரும்பாலான கோபத்துக்கு அடியில் இப்படி வேறொன்று உட்கார்ந்திருக்கும். பயம், வெட்கம், களைப்பு, சில சமயம் வெறும் பசி. அதன் சரியான பெயரைக் கண்டுபிடித்துச் சொன்னாலே பாதி வேகம் தணியும். இது பாட்டி வைத்தியம் அல்ல. 2007-ல் அமெரிக்காவில் மாத்யூ லீபர்மேன் என்ற உளவியலாளர் குழு, கோபமும் பயமும் தெரியும் முகங்களின் படங்களைக் காட்டி, ஸ்கேன் கருவிக்குள் இருந்தவர்களின் மூளையைக் கவனித்தது. அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொல்லும்போது, மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு குறைந்தது.

"கத்தித் தீர்த்துட்டா மனசு லேசாயிடும் டாக்டர்" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த நிமிஷத்துக்கு லேசான மாதிரி இருக்கும். 2002-ல் பிராட் புஷ்மேன் என்ற ஆய்வாளர், கோபமூட்டப்பட்டவர்களைக் குத்துச்சண்டை மூட்டையைக் குத்தித் தீர்த்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தார். குத்தியவர்கள்தான் அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தணிந்திருந்தது. பாத்திரத்தை 'டங்'கென்று வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும்!

அவர் மாற்றிக்கொண்டவை

பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் பொட்டுக்கடலையும் வெல்லமும். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அதைச் சாப்பிட்டு ஒரு டம்ளர் தண்ணீர். (சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வெல்லத்தை விட்டுவிட்டு வேர்க்கடலை, சுண்டல் வைத்துக்கொள்ளுங்கள்.) வீட்டுக்குப் போனதும் கால் முகம் கழுவிக்கொண்டு கால் மணி நேரம் சும்மா உட்காருவது. அந்தக் கால் மணி நேரத்தில் 'ஹோம்வொர்க்' என்ற வார்த்தையே வீட்டில் கூடாது.

சிறுநீர் விஷயம் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. பக்கத்து மெஷின் பெண்ணும் இவரும் ஒருவருக்கொருவர் பீஸைப் பார்த்துக்கொள்வதாக ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் வந்தாலும் வராவிட்டாலும் போய்விடுவது, அதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது. தண்ணீர் குறைந்தால் தலைவலி வரும். அடக்கினால் நீர்ப்பாதையில் தொற்று வரும். நாள்பட்டால் கல்லும் சேரலாம். 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்திலேயே தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி இடைவேளை வேண்டும், கழிப்பறை வசதி வேண்டும் என்றெல்லாம் எழுதினார்கள். எழுதியவர்கள் டாக்டர்கள் இல்லை, ஆனாலும் உடம்பு தெரிந்தவர்கள்.

கோபம் ஏறும் அந்த நிமிஷத்துக்கு ஒரு பயிற்சி சொன்னேன். எழுந்து அடுத்த அறைக்கோ வாசலுக்கோ போய்விட வேண்டும். போகும்போது "அம்மாவுக்கு இப்ப கோவமா இருக்கு, அஞ்சு நிமிஷத்துல வரேன்" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால் பிள்ளைக்கு அது இன்னொரு தண்டனை. பிறகு மூக்கால் நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, எட்டு எண்ணும் வரை மெல்ல விட வேண்டும். பத்து முறை. திருமந்திரத்தில் பிராணாயாமத்துக்கு வேறு கணக்கு உண்டு, மூச்சை உள்ளே நிறுத்துவதும் உண்டு. அது குருவிடம் கற்க வேண்டியது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் புத்தகம் பார்த்துக்கொண்டு மூச்சை அடக்கிப் பழகாதீர்கள். (மூச்சும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, மறந்துவிட வேண்டாம்!) வெளிமூச்சை நீட்டுவது மட்டும் போதும். இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் நரம்புக்கு அதுவே சமிக்ஞை.

இன்னொன்றும் சொன்னேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "அடிச்சதுக்குப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"பெத்தவ போயி புள்ளைகிட்டயா?"

நம் வீடுகளில் இந்த வழக்கம் இல்லைதான். அடித்துவிட்டு ராத்திரி தூங்கும் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு அழுவோம். மறுநாள் பிடித்த பலகாரம் செய்து கொடுப்போம். பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்? அடிக்குக் காரணமும் புரிவதில்லை, பலகாரத்துக்குக் காரணமும் புரிவதில்லை. 'நான் அடிச்சது தப்பு. நீ கணக்குத் தப்பாப் போட்டது அதுக்குக் காரணம் இல்ல' என்று வாயால் சொன்னால்தான் கணக்கு நேராகும். இதில் நான் பிடிவாதக்காரன். யோசிச்சுப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கவனம் எங்கே செலவாகிறது?

"வீட்ல எதுலயும் மனசு நிக்கல டாக்டர். பாலை அடுப்புல வச்சுட்டு மறந்துடறேன். ஞாபகசக்திக்கு வல்லாரை குடுங்களேன்" என்றும் கேட்டார். மெஷினில் எப்போதாவது விரலில் ஊசி ஏறியிருக்கிறதா என்று கேட்டேன். "பத்து வருஷத்துல ஒரு தடவை கூட இல்ல" என்று பெருமையாகச் சொன்னார்.

பாருங்கள், கவனம் இல்லாத ஆளா இவர்? பகல் முழுக்க ஊசிமுனையில் வைத்துச் செலவழித்துவிட்டு வருகிறார். சாயங்காலம் பர்ஸ் காலி. இப்படிப்பட்டவர்களுக்கு வல்லாரையைவிட ஓய்வுதான் மருந்து. நடுநடுவே மெஷினிலிருந்து கண்ணை எடுத்துத் தூரத்தில் ஒரு பொருளைக் கொஞ்ச நேரம் பார்ப்பதுகூட உதவும்.

வீட்டில் இருப்பவர்களின் பிரச்சினை வேறு மாதிரி. அவர்கள் கவனம் சில்லறையாகவே செலவாகிறது. குழம்பைத் தாளிக்கும்போது போன், போன் பேசும்போது காலிங் பெல், பெல்லைப் பார்த்துவிட்டு வரும்போது வாட்ஸ்அப். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போகும்போது மனசு முழுசாகக் கூட வருவதில்லை. கொஞ்சம் பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் இதை 'கவனத்தின் எச்சம்' என்கிற பொருளில் பெயரிட்டு எழுதினார். எச்சம் என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் பழைய குழம்பு மாதிரி!

இதற்கு முன்னாலேயே, 1927-ல், பெர்லினில் ப்ளூமா ஸைகார்னிக் என்ற பெண்மணி முடியாத வேலைதான் அதிகம் நினைவில் நிற்கிறது என்று ஆய்வு செய்து எழுதினார். ஹோட்டல் சர்வர்கள் பணம் வாங்கும் வரை ஆர்டரை அப்படியே ஞாபகம் வைத்திருப்பதும், பணம் வாங்கியதும் மறந்துவிடுவதும் இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணம். ஆம்பூரில் கூட்ட நேரத்தில் ஒரு பிரியாணிக் கடையில் உட்கார்ந்து பாருங்கள். எந்த மேஜைக்கு ஒன்று, எந்த மேஜைக்கு அரை, யாருக்குக் கத்தரிக்காய்த் தொக்கு இன்னும் வரவில்லை என்று அத்தனையும் சர்வர் தலையில் இருக்கும். கல்லாவில் காசு விழுந்த பிறகு கேட்டால் தெரியாது.

ஆகவே ஒரு வேலையைப் பாதியில் விடத்தான் வேண்டும் என்றால், எங்கே விட்டோம் என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். 'கரண்ட் பில் கட்டியாச்சு, கேஸ் புக் பண்ணணும்' என்கிற மாதிரி. மனசு அந்தப் பாரத்தைக் காகிதத்தில் இறக்கி வைத்துவிடும். அடுப்பில் ஏதாவது இருக்கும்போது செல்போன் அடுத்த அறையில் இருக்கட்டும். படிக்கும் பிள்ளைகளுக்கும் இதுவே. நோட்டுக்குப் பக்கத்தில் குப்புறக் கவிழ்த்து வைத்தாலும் போன் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். என் கிளினிக் மேஜையிலும் ஒரு காலத்தில் அது இருந்தது. நாடி பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை ஒலித்தது, விரலுக்கடியில் இருந்ததைத் தவறவிட்டேன். மறுநாளிலிருந்து அது கம்பவுண்டரிடம்.

ராத்திரி

வேலூர் வெயில் தெரியாதவர்கள் யார்? மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு என்று எங்கள் பக்கத்தைக் கேலி செய்யும் பழைய பேச்சு ஒன்று உண்டு. (2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது, அந்தப் பேச்சில் பாதியைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டோம்!) பாறை மலை பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி திருப்பித் தருகிறது. கான்க்ரீட் வீடும் அப்படியே. உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் பிடிக்கும். எனவே வெயில் காலத்தில் படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரில் குளியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். பஞ்சு மெத்தையைவிடக் கோரைப்பாய் நல்லது.

டீ விஷயம் பேசினால் எனக்கு விரோதிகள் அதிகமாவார்கள். ஆனாலும் சொல்கிறேன். டீ, காபியில் உள்ள கஃபீனில் பாதி கழியவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் டீயில் பாதி, பதினோரு மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். நாலு மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்மணி பத்தரைக்குப் படுப்பார். "படுத்துக்கினு மேல ஃபேனையே பார்த்துக்கினு இருப்பேன். சீட்டுப் பணம், ஸ்கூல் ஃபீஸ், மாமியார் கண் ஆபரேஷன் எல்லாம் அப்பதான் வரிசையா வரும்." வரத்தானே செய்யும்? பகலில் அவற்றுக்கு நேரமே கொடுக்கவில்லையே. 1983-ல் தாமஸ் போர்கோவெக் என்ற உளவியலாளர் ஒரு யுக்தி எழுதினார். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி கவலைப்படுவதற்கென்றே ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் கவலை வந்தால், 'உன் நேரத்துக்கு வா' என்று திருப்பி அனுப்புங்கள். நம் ஆளுக்கு அந்த அரை மணி கம்பெனி பஸ்ஸில் கிடைத்தது. பொட்டுக்கடலை முடிந்ததும் கவலை!

கூடவே, படுப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை எழுதி வைக்கச் சொன்னேன். 2018-ல் மைக்கேல் ஸ்கல்லின் என்பவர் 57 இளைஞர்களை வைத்துச் செய்த ஆய்வில், செய்ய வேண்டியதை எழுதிவிட்டுப் படுத்தவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னதாகத் தூங்கிப் போனார்கள். பெர்லின் சர்வர் சமாச்சாரம்தான், கல்லாவில் காசு போட்டாயிற்று.

அப்படியும் தூக்கம் வரவில்லையா? ரிச்சர்ட் பூட்ஸின் 1972-ல் சொன்ன வழி இன்றைக்கும் முதல் தரமானது. கால் மணி, இருபது நிமிஷத்தில் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து விடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொருகும்போது மட்டும் திரும்பி வாருங்கள். எத்தனை முறையானாலும் இப்படியே. படுக்கை என்றால் தூக்கம் என்று உடம்பு திரும்பப் பழக வேண்டும். படுக்கையில் கிடந்து போன் பார்ப்பது, கடிகாரம் பார்ப்பது, கணவரோடு கணக்கு வழக்குப் பேசுவது எல்லாம் உடம்புக்கு வேறு பாடம் சொல்லித் தருகின்றன.

பகல் தூக்கம் கூடாது என்பது தேரையரின் பிணியணுகா விதி. அதை அப்படியே நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களிடம் சொல்ல எனக்கு மனசு வராது. அவர் காலத்தில் மூன்று ஷிஃப்ட் இல்லை. டேனரி வேலை முடிந்து காலையில் வரும் கணவர் இருட்டான அறையில் பகலில் தூங்கத்தான் வேண்டும். வீட்டில் மிக்ஸி சத்தத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ரம்ஜான் மாதத்தில் சஹர் உணவுக்கு எழுந்து சமைக்கும் பெண்களுக்கும், விடியலில் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கும் இருபது நிமிஷக் குட்டித் தூக்கம் தப்பில்லை. மூன்று மணிக்கு மேல் வேண்டாம். ராத்திரி நன்றாகத் தூங்கியவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் புரண்டால், தேரையரே சரி.

எண்ணெய்க் குளியலை விட்டுவிட வேண்டாம். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி, ஆண்களுக்குப் புதன், சனி என்பது வழக்கம். வேலைக்குப் போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வாய்க்கிறது என்றால் ஞாயிறே செய்யட்டும். நாளைவிட எண்ணெய் முக்கியம்.

மருந்து வேண்டுமா?

'அமுக்கரா தூக்கத்துக்கு நல்லதாமே' என்று கடையில் வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். நல்ல மூலிகைதான். நானும் கொடுக்கிறேன். ஆனால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. சாதிக்காயும் அப்படியே. பாலில் ஒரு சிட்டிகை போதும், அதிகமானால் மயக்கும். மனநோய்க்கு ஆங்கில மருந்து சாப்பிட்டு வருகிறவர்கள், 'சித்தாவுக்கு மாறிட்டேன்' என்று அதை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டு என்னிடம் வந்தவர்களை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

எல்லாமே நோட்டுக்கும் மூச்சுக்கும் அடங்கிவிடாது. மனநோய்க்கு எங்கள் நூல்களிலேயே 'கிரிகை' என்று பெயர் வைத்துப் பதினெட்டு வகை பிரித்திருக்கிறார்கள் என்றால், அந்தக் காலத்திலேயே அதைச் சாதாரணக் கவலையிலிருந்து வேறாகப் பார்த்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், பசியும் தூக்கமும் போய், 'இருந்து என்ன செய்யப் போறோம்' என்ற எண்ணம் வந்தால், காதில் யாரோ பேசுவது போலக் கேட்டால், தூக்கமே தேவைப்படாமல் நாலைந்து நாள் உற்சாகம் பொங்கினால், கோபத்தில் பிள்ளைக்குக் காயம் ஆகிற அளவுக்குக் கை போனால், மனநல மருத்துவரைப் பாருங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957-ல் தொடங்கியது. நோயாளியைத் தனியே பூட்டி வைக்காமல் குடும்பத்தாரும் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் வழக்கத்தை நம் நாட்டில் ஆரம்ப காலத்திலேயே கொண்டு வந்த இடம் அது. 'பாகாயம் போனான்' என்று ஊரில் கேலி பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். 'டெலி மானஸ்' என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய சேவை. இலவசம். தமிழிலேயே பேசலாம். ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள்.

அந்தப் பெண்மணி பொங்கல் கழித்து மறுபடி வந்தார், மாமியாரின் மூட்டு வலிக்காக. தலைவலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. டார்கெட் ஏறிய வாரங்களில் இன்னும் வருகிறதாம். நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அதை இப்ப அவன்தான் வச்சிருக்கான் டாக்டர். என் குரல் ஒசந்தா மணியைப் பார்த்து எழுதிடறான். 'அம்மா, ஏழு இருபது, நீ இன்னும் சாப்பிடல'ன்றான்."

மன்னிப்புக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. மாமியாருக்கு உளுந்துத் தைலம் எழுதிக் கொடுத்தேன்.